நாமக்கோழி வாசலில் கற்குவியல்

குளக்கரையில் ஒரு சூளை இருந்தது. ஆமை அதில் தண்ணீர்ப் பானைகள் சுட்டது. எல்லாம் ஒரே அச்சு. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி விளக்குகள் சுட்டது. மீன் விளக்கு, மயில் விளக்கு, தவளை விளக்கு என்று நாளுக்கு ஒரு தினுசு. மண் சுமப்பது, சூளை மூட்டுவது, சாம்பல் அள்ளுவது எல்லாம் கழுதை. அதற்குக் கூலி புல்.

யார் எத்தனை உருப்படி செய்தார்களோ, அந்தக் கணக்கில் புல் போட வேண்டும். பானைகளே அதிகம். அதனால் புல்செலவு முழுக்க ஆமையின் தலையில் விழுந்தது.

ஒரு நாள் ஆமை மூட்டை கட்டியது. "பானை விற்று வருவதெல்லாம் புல்லுக்கே போகிறது. நான் வேறு குளம் பார்க்கிறேன்!"

நாமக்கோழி ஓடி வந்தது. மேகம் கறுத்தாலும் கவலை, வெளுத்தாலும் கவலை என்று இருக்கும் பிராணி அது. ஆமை போய்விட்டால் கழுதைக்கு யார் புல் போடுவது? சூளை அணைந்துவிடுமே!

பயத்தில் சண்டைதான் வந்தது. "அண்ணே! இத்தனை பானை செய்து கழுதையின் முதுகை ஒடிப்பது நீங்கள்! நான் செய்வதே நாலு விளக்கு. சந்தேகமென்றால், கழுதை யாருக்கு வேலை செய்கிறதோ அவர் வாசலில் வேலைக்கு ஒரு கல் போடட்டும்!"

கழுதை போட்டது. ஆமையின் பானைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மண், ஒரே சூடு. அதன் வாசலில் ஒரு பிடி கற்கள்தான். நாமக்கோழியின் வாசலிலோ, குவியலின் மேல் ஏறினால்தான் குளமே தெரிந்தது.

"எவனோ தன் கல்லை என் வாசலில் கொட்டுகிறான்!" என்று அலறிய நாமக்கோழி, திருடனைப் பிடிக்கப் புதரில் ஒளிந்துகொண்டது.

கழுதை வந்தது. ஒளிந்திருப்பது மறந்துபோய் நாமக்கோழி கத்தியது: "தம்பி, வந்ததுதான் வந்தாய்! மீனுக்கு வெள்ளை மண் கொண்டு வா! மயிலில் சாம்பல் ஒட்டும், சூளையைத் துடைத்துவிடு! தவளைக்குக் கண் சரியில்லை, மறுபடி மூட்டு!"

டக். டக். டக். வேலைக்கு ஒன்றாக, கழுதை போட்ட மூன்று கற்கள் நாமக்கோழியின் வாசலில் விழுந்தன.

"திருடன் அகப்பட்டானா தங்கச்சி?" என்றது மூட்டையோடு நின்ற ஆமை.

நாமக்கோழி கற்களைப் பார்த்தது. தண்ணீரில் தன் முகத்தையும் பார்த்தது. "அகப்பட்டுவிட்டான் அண்ணே. நெற்றியில் வெள்ளை நாமம். நீங்கள் மூட்டையை அவிழுங்கள்!"

அன்றுமுதல் கல்லை எண்ணித்தான் புல். நாமக்கோழி எல்லா விளக்குகளையும் சேர்த்து ஒரே தடவையில் சுடப் பழகியது. புல் சுமக்கும்போது மட்டும், "இந்த யோசனையைச் சொன்ன அறிவாளி யார்? நான்தானே!" என்று தன்னையே திட்டிக்கொள்ளும்.

பொதுச் செலவை அவரவர் செய்த பொருளின் எண்ணிக்கையால் பிரிக்காமல், அவரவர் வைத்த வேலையால் பிரிப்பதே நியாயம்.