குவைத்திலிருந்து வந்த செண்ட்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் கதையில் வருகிற குரு, குன்னூரில் டீயை உறிஞ்சித் துப்பிச் சம்பளம் வாங்குகிறவர். பெயர் ஹேமாவதி. ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தால், மலையில் எங்கோ ஒரு ஃபேக்டரிக்காரருக்கு அன்று சோறு இறங்காது.

சீடர் மரியதாஸ். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தார். எஸ்டேட்டை மூடினார்கள். வேலையோடு குடியிருந்த வீடும் போனது. மனைவி பிலோமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். மரியதாஸுக்கு நல்ல நாக்கு என்று கேள்விப்பட்டு ஹேமாவதிதான் அவரைக் கூப்பிட்டுப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

வேலை நிரந்தரமானால் கம்பெனி வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் பிலோமி திரும்பி வந்துவிடலாம். மனுஷன் அந்த ஒரு நினைப்பிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நிரந்தரம் ஆனது, இவருக்கு மட்டும் ஆகவில்லை.

ஒரு திங்கட்கிழமை குருவின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், என் நாக்குல ஏதாவது குறையா?"

"இல்லீங்கண்ணா. என் நாக்கைவிட உங்க நாக்கு சுத்தம்."

"அப்புறம் எதுக்கு என் பேரை மட்டும் தள்ளிக்கிட்டே போறாங்க?"

ஹேமாவதி கையை நீட்டினார்.

"உங்க கர்சீப்பைக் கொடுங்க."

கொடுத்தார். ஹேமாவதி ஒரு டப்பாவில் நல்ல தேயிலையைப் போட்டு, அதன்மேல் கர்சீப்பை வைத்து இறுக்கி மூடினார்.

"நாளைக்குக் காலைல பேசலாம்."

மறுநாள் அந்த இலையில் டீ வடித்து மேஜைமேல் வைத்தார். பால் இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் டீ.

மரியதாஸ் கரண்டியால் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சினார். வாயில் சுழற்றித் துப்பினார்.

"நல்ல இலை மேடம். உசரத்துல விளைஞ்சது. குளிர்ல பறிச்சிருக்காங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க."

இன்னொரு வாய் உறிஞ்சினார். "ஒரு குறையும் இல்ல மேடம்."

ஹேமாவதி பக்கத்து அறையிலிருந்து நஞ்சுண்டனைக் கூப்பிட்டார். அவரும் ருசி பார்க்கிறவர்தான். கரண்டியை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அடக் கடவுளே! என்ன மேடம் இது? செண்ட் பாட்டிலைக் கவுத்துட்டீங்களா?"

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மரியதாஸுக்கு முகம் செத்துவிட்டது.

"செண்ட் பூசிட்டு இங்க வரக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனேண்ணா."

"சத்தியமாப் பூசறதில்ல மேடம். ராத்திரி படுக்கறப்ப தலகாணியில ரெண்டு சொட்டு. துணிப் பெட்டிக்குள்ள ரெண்டு சொட்டு. அவ்வளவுதான். காலையில சட்டையை மோந்து பார்த்து, வாசம் இல்லேன்னு தெரிஞ்ச பிறகுதான் கிளம்பறேன்."

"யார் மூக்கால மோந்து பார்த்தீங்க? ராத்திரி முழுக்க அதுலயே கிடக்கிற மூக்குக்கு அது எப்படித் தெரியும்?"

மரியதாஸ் சட்டைக் காலரை இழுத்து மறுபடி மோந்து பார்த்தார்.

"போன வாரம் ஒரு சரக்குல வேற வாசனை ஏறியிருக்குன்னு ஏலத்துலேர்ந்து தள்ளினோமே, ஞாபகம் இருக்கா? அந்தச் சாம்பிளை அள்ளி வெச்சது உங்க கை. நேத்து நான் அதே சரக்கைப் புதுசாப் பிரிச்சுப் பார்த்தேன். சுத்தமான இலை."

"அய்யோ!" என்று தலையில் கை வைத்தார் மரியதாஸ். "அந்த ஃபேக்டரிக்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு, சரக்கை மறுபடி ஏலத்துல சேர்த்தாச்சு. ஆனா முதலாளிக்கு விஷயம் போயிடுச்சு. வாசனை நிக்கணும், இல்லேன்னா ஆள் நிக்கணும்னு சொல்லிட்டார். இங்க எல்லாருக்கும் முதல்லேர்ந்தே தெரியும். வயசுல மூத்தவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ஆளுக்கு ஆள் சும்மா இருந்துட்டோம். நானும்தான்."

இது நம் ஊர் வழக்கம். முதுகுக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வோம், முகத்துக்கு நேரே சிரிப்போம்.

"யார் கொடுத்தது அந்த செண்ட்?" என்று கேட்டார் ஹேமாவதி.

"பிலோமிதான் மேடம். அங்கிருந்து யார் வந்தாலும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவா. படுக்கப் போறப்ப அவளும் அங்க அதையேதான் தடவிக்குவாளாம். ஃபோன் பண்ணினா, சாப்பிட்டியான்னு கேக்க மாட்டா. செண்ட் போட்டியான்னுதான் முதல்ல கேப்பா." மேஜைமேல் கிடந்த கரண்டியை ஓரமாக நகர்த்தினார். "அவளைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு மேடம். பக்கத்துல ஒரு மனுஷி மூச்சு விடற சத்தம் இல்லாம என்னால தூங்கவே முடியல."

"இதை விட்டுட்டா வேலை நிரந்தரமாகும். வீடு கிடைக்கும். அண்ணி வந்துடுவாங்க."

"புரியுது மேடம். அதுவரைக்கும்? அந்த வாசம் இருந்தாத்தான் அவ தலைமாட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். என்கிட்ட அவளோடது வேற என்ன இருக்கு?" அவர் எழுந்து நின்றார். "வேலை போனாப் போகட்டும். அவ வர்றது தள்ளிப் போனாலும் போகட்டும். அதை மட்டும் என்னால விட முடியாது."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. அதனால் ஹேமாவதிக்குக் கோபமும் வரவில்லை. ஆறிப்போன கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இன்னொரு தடவை பாருங்கண்ணா. இலையைப் பார்க்க வேண்டாம். அண்ணி இருக்காங்களான்னு பாருங்க."

மரியதாஸ் கப்பை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கண்ணை மூடி மோந்தார். மூச்சை விட்டு மறுபடி மோந்தார். கப்புக்குள் விரலை விட்டு, அந்த ஈரத்தை மூக்கடியில் தேய்த்துப் பார்த்தார்.

"வரலியே மேடம்," என்றார். "ஒண்ணுமே வரலியே."

"இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் அண்ணியோட வாசம் வருதுங்கண்ணா," என்றார் ஹேமாவதி. "உங்க ஒருத்தருக்குத்தான் வரல."