இருபத்து நான்காவது பேனா

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் உலகம்மை என்றொரு குரு இருந்தார். வயது நாற்பத்து நான்கு. கணக்கு டீச்சராக இருந்து, தலைமையாசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டவர். சாந்தி தேடி அவரிடம் வந்தவர்கள் முதல் நாளே ஓடிப்போனார்கள். மற்றவர்கள் சனிக்கிழமைதோறும் வந்து திட்டு வாங்கிக்கொண்டு, வயிறு நிறைந்தவர்களைப் போலத் திரும்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் முதலில் வந்தவர் சிதம்பரதாணு. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. குருவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். மூன்று வருடமாகச் சீடர். பாளையங்கோட்டையிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, இறங்கி, கதவை அறைந்து சாத்தினார்.

கையில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு பேனாப் பெட்டிகளும் ஒரு பழுப்பு உறையும் இருந்தன. பேனாவைப் பற்றி மட்டும் பேசுவது, உறையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சேரன்மகாதேவி தாண்டும்போதே முடிவு செய்திருந்தார். ஆனால் அதை வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியவில்லை.

உலகம்மை தரையில் உட்கார்ந்து, குட்டை மேசையில் காகிதத்தை வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். மைப்பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது.

“ஒம்பது நாளா குழாயில தண்ணி வரல. ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு தண்ணி இல்லன்னு மனு எழுதுதேன். வெக்கமா இல்ல?”

யாருக்கு வெட்கம் என்று புரியாமல் சிதம்பரதாணு, “ஆமாம்மா,” என்றார்.

“காரு கதவு உங்கள என்ன செஞ்சுது?”

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு கேள்வி இருக்கு.”

“கேளுங்க அண்ணாச்சி. மனுவ முடிக்கணும்.”

அவர் இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்துத் திறந்தார். இரண்டும் இத்தாலியில் செய்தவை. ஒன்று தேன் நிறத்தில் உள்ளுக்குள் தீ ஓடுவது போலிருந்தது. இன்னொன்று கரிக்கட்டை போல மங்கலான கறுப்பு. சென்னை வியாபாரி பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறான், திங்கட்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றார். வீட்டில் தேக்குப் பெட்டியில் இருபத்து நான்கு குழிகள். இருபத்து மூன்று நிறைந்துவிட்டன.

“கடைசிக் குழிக்கு எதை எடுக்க? இதோட நிறுத்திடலாம்னு இருக்கேன். அதான் நீங்க சொல்லணும்.”

உலகம்மை தேன் நிறப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“கற்பூர வாசம் வருதே.”

“செல்லுலாய்ட்மா. அதுல கற்பூரம் சேர்ப்பாங்க.”

“அப்ப வாங்கி வச்சுக் கும்பிடத்தான் போறிய. இந்தக் கறுப்பு?”

“எரிமலைக் குழம்பு இருக்கு பாருங்க, அந்தப் பாறையைப் பொடிச்சுச் சேர்த்தது.”

“எரிமலையச் சட்டப்பையில குத்திக்கிடுததா? இன்னைக்கு நீங்க வந்த வரத்துக்கு இதுதான் பொருத்தம்.” மைப்புட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “ரெண்டுலயும் பேர எழுதிக் காட்டுங்க.”

“ஐயோ, மை தொடக் கூடாதும்மா!”

“பேனாவையா?”

“தொட்டா மதிப்பு போயிடும். சேகரிக்கிறவங்க மை ஊத்த மாட்டாங்க. இருபத்து மூணுல இருபத்திரண்டு இன்னும் மை படாதது.”

“மிச்சம் ஒண்ணு?”

அவர் சட்டைப்பையைத் தொட்டார். கருநீல உடல், தங்க வளையம். மாவட்ட நீதிபதியாக உயர்ந்த வருடம் தம்பி மிலானிலிருந்து வாங்கி வந்த பேனா. பத்து வருடத் தீர்ப்புகளை அதைக்கொண்டுதான் எழுதினார். அதன் தங்க நிப்பு அவர் கையின் சாய்வுக்கே தேய்ந்திருந்தது. வேறு யார் எழுதினாலும் கீறும், அவருக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

உலகம்மை அதைக் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பத்து வருசத்துல தூக்கு எத்தன?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “ஒண்ணு.”

“தூக்கு எழுதினா நிப்ப ஒடிச்சிருவாகன்னு சொல்லுதாகளே. நெசமா?”

“சட்டத்துல இல்ல. வழக்கம்.”

“நீங்க ஒடிச்சியளா?”

“ஒடிச்சேன்.”

“இது முழுசா இருக்கே?”

சிதம்பரதாணு பேனாவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் செருகினார். “நான் கேட்டது இந்த ரெண்டுல எதுன்னு. அதுக்குப் பதில் சொல்லுங்க.”

“இந்தக் கோவம் பேனாவுக்கு வந்ததில்ல அண்ணாச்சி. அந்தத் துணிப்பையில இன்னும் என்ன வச்சிருக்கிய?”

அவர் உறையை எடுத்து மேசைமேல் எறிந்தார். எடுக்கிற வரைக்கும் எடுக்கப்போவது அவருக்கே தெரியாது.

“ஒரு வக்கீல் பய அனுப்பியிருக்கான்! அந்தத் தூக்குத் தண்டனைக்காரன், மகராசன்னு பேரு. மேல ரெண்டு கோர்ட்டும் உறுதி செஞ்சாச்சு. எட்டு வருஷம் ஆச்சு. இப்ப ஜனாதிபதிக்குக் கருணை மனு போகுதாம், திங்கட்கிழமை. அதோட நான் என் கைப்பட நாலு வரி எழுதித் தரணுமாம். தண்டனை குடுத்த நான்!”

“எழுத இஷ்டமில்லன்னா கிழிச்சுப் போடலாமே.”

“அந்த வக்கீல் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ‘இவன் திருந்த வாய்ப்பே இல்லை’ன்னு தீர்ப்புல ஒரு வரி போட்டேன். அந்த வரிக்கு என்ன ஆதாரம்னு ஐயாவுக்கே தெரியும்னு எழுதியிருக்கான். என்கிட்ட ஆதாரம் கேக்குறான்மா! முளைச்சு மூணு இலை விடல!”

“என்ன ஆதாரம்?”

“என்ன?”

“திருந்த மாட்டான்னு எதை வச்சு எழுதினிய?”

நீதிமன்றத்தில் இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் வீட்டிலும் கேட்டதில்லை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டு வாங்கியிருக்கலாம். அவனுடைய ஊருக்கு ஆளனுப்பி விசாரித்திருக்கலாம். அதற்கெல்லாம் இன்னும் இரண்டு வாரம் பிடித்திருக்கும்.

“நாலு மாசம் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“மூஞ்சி.”

“ரெண்டு உசுரைக் கொன்னான்மா! கடைக்காரரையும் அவர் சம்சாரத்தையும். ஃபோட்டோவை நான் பார்த்திருக்கேன், நீங்க பார்க்கல!”

“கொன்னான். நான் இல்லன்னு சொல்லலையே. எம்மேல என்னத்துக்குக் கத்துதிய? அன்னைக்கு எந்தப் பேனாவ ஒடிச்சிய, அதச் சொல்லுங்க.”

சிதம்பரதாணு எழுந்தார். வாசல் வரை போனார். செருப்பில் ஒரு காலை விட்டார். தெருவில் யாரோ காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் திட்டியபடி போனார்கள். செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“பெஞ்ச் கிளார்க் பேனா.”

“பேரு?”

“இசக்கிமுத்து. தீர்ப்பைப் படிச்சு முடிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும். என் பேனாவை மூடிப் பையில வச்சிட்டுக் கையை நீட்டினேன். எனக்கு மை தீர்ந்துபோச்சுன்னு நினைச்சு அவன் பேனாவைக் குடுத்தான். போட்டேன். மேசையில அழுத்தினேன். ஒடிஞ்சுது. ‘பரவால்லங்கய்யா’ன்னான்.”

“கூண்டுல நின்ன பையன்?”

“பேனாவையே பார்த்துக்கிட்டு நின்னான். பக்கத்துல இருந்த போலீஸ்காரர்கிட்ட, ‘முடிஞ்சுதாண்ணே?’ன்னு கேட்டான்.”

உலகம்மை மேசையில் கிடந்த உறையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“என் பேனா என் கைக்குப் பழகினதும்மா. அந்த நிப்பு போனா போனதுதான். வேற நிப்பு மாத்தினா அது இதுவாகாது. உங்களுக்குப் புரியாது.”

“புரியுது. ஓசி வாங்கணும்னு எப்பத் தோணிச்சு? கைய நீட்டும்போதா?”

அவர் மேசையின் ஓரத்தைப் பார்த்தார்.

“மத்தியானம். சாப்பிடும்போது.”

“என்ன சாப்பாடு?”

“தயிர்ச்சோறு.”

எட்டு வருடமாக அந்தத் தயிர்ச்சோற்றை அவர் நினைத்ததே இல்லை. அன்று சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் அவர் பேனாவைப் பற்றித்தான் யோசித்தார்.

உலகம்மை தன் பேனாவை, மனு எழுதிக்கொண்டிருந்த அந்த முப்பது ரூபாய்ப் பேனாவை, அவர் முன்னால் உருட்டிவிட்டார்.

“ஒடிங்க.”

“எதுக்கு?”

“ஒடிங்கங்கேன்!”

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தவர் பேனாவை எடுத்து மேசைப் பலகையில் ஒரே குத்தாகக் குத்தினார். டக்கென்றது. நிப்பில் பாதி தெறித்து எங்கோ விழுந்தது. பாதி எழுதிய மனுவில் மை சிதறியது.

“இப்ப சட்டப்பையில இருக்கிறத எடுங்க.”

“அம்மா...”

“எடுங்க.”

எடுத்தார். மூடியைக் கழற்றினார். நிப்பை மேசையில் ஊன்றினார். கொஞ்சம் அழுத்தினால் போதும். விரல்கள் வெளுத்தன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கிழவி வந்து வாசலில் நின்று, உள்ளே பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள்.

“முடியலம்மா,” என்றார்.

உலகம்மை தலையை ஆட்டினார். பிறகு தன் மனுவைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“நல்லா இருந்த மனு. எல்லாத்தையும் மறுபடி எழுதணும். எழுதப் பேனாவும் இல்ல. ஊருக்கே தண்ணியில்ல, இதுல நீங்க வேற!”

“நீங்கதானேம்மா ஒடிக்கச் சொன்னீங்க!”

“ஆமா. ஒருத்தி சொன்னதும் ஒடிச்சிருவியளா?”

சிதம்பரதாணு அந்த ஒடிந்த நிப்பைப் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்தார். உள்ளே மனுவின் நகலும், மேலே வக்கீலின் கடிதமும், அவர் எழுத வேண்டிய நாலு வரிக்காகத் தனியாக ஒரு வெள்ளைத்தாளும் இருந்தன. வெள்ளைத்தாளை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினார்.

தன் நீலப் பேனாவை எடுத்தார்.

உலகம்மை தாளின் மேல் கையை வைத்து மறைத்தார். “அது வேண்டாம்.”

அவர் அதை மூடி வைத்தார். தேன் நிறப் பேனாவைப் பார்த்தார், கறுப்பைப் பார்த்தார். எதையோ விட்டுக்கொடுக்கிறவரைப் போல மைப்புட்டியின் மூடியைத் திருகினார்.

“இதுல ஒண்ணுல மை ஊத்திடுறேன். மதிப்பு போனா போகட்டும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

உலகம்மை இரண்டு பெட்டிகளையும் மூடி ஓரமாகத் தள்ளினார். உடைந்த பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சிதம்பரதாணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிப்பு ஒரு பக்கம் மட்டும் ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தது.

“இது எழுதாதேம்மா.”

“ஒடிச்சது நீங்கதானே அண்ணாச்சி. எழுத வைங்க.”