வேலி இல்லாத காட்டின் மிளா

காட்டுக்குப் பட்டா எழுதியவர்கள் மான்களைக் கேட்டு எழுதவில்லை. மலையின் கீழ்ப்பாதி ஜமீனுக்குப் போனது. முள்வேலி போட்டார்கள். மேல்பாதி மட்டும் ஊருக்கென்று மிஞ்சியது.

அந்த மேல்பாதியில் வேட்டைக்குத் தலைவி ஒச்சம்மா. அவளிடம் வில் கற்றவன் சடையன். அவனுக்கும் மீசை நரைத்துவிட்டது. ஆனாலும் முற்றிய மிளா மான் ஒன்றைக்கூட அவன் இன்னும் வீழ்த்தியதில்லை.

ஒருநாள் காலையில் வந்து அவள் எதிரே குந்தினான்.

"அக்கா, ஜமீன் காரியக்காரர் கூப்பிட்டு விட்டாரு."

"எதுக்கு?"

"வேலிக்குக் காவல் நிக்கணுமாம். நெல்லு அளப்பாங்களாம். வருசத்துக்கு ஒரு கிழட்டு மிளாவும் அடிச்சுக்கலாமாம்."

"யாரு உள்ள வராம காவல்?"

சடையன் தரையைப் பார்த்தான். "நம்ம ஆளுங்கதான்."

ஒச்சம்மா வெற்றிலையை மடித்தாள். "அடிக்கக் கூப்பிட்டு, கையில அம்பையும் குடுத்து, நம்ம பக்கமே திருப்பி நிறுத்துறாரு. கெட்டிக்காரர்தான். நீ என்ன சொன்ன?"

"நாளைக்குச் சொல்றேன்னேன். அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கே அக்கா. உடையவன் இருந்தாத்தான் மான் முத்துமாம். பொதுக்காட்டுல கொம்பு முளைக்குமுன்னே எவனாவது தின்னுருவானாம். நாலு வருசம் முன்னே ஒத்தைக் கொம்பு இளசு ஒண்ணு என் அம்புக்கு நேரா நின்னுச்சு. உன் பேச்சைக் கேட்டு அதை விட்டுட்டேன். இந்நேரம் மேல்சரிவுக் குருவன் வீட்டுச் சட்டியில வெந்திருக்கும்."

"பார்த்தியா?"

"பார்க்கணுமா? குருவனை எனக்குத் தெரியாதா!"

அவள் எழுந்து நடந்தாள். அவன் பின்னால் போனான்.

அந்த ஊர் வழக்கம் இது. மேல்காட்டில் வீட்டுக்கு ஒரு சரிவு. ஒருவர் சரிவில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. தலைவிக்கும் அவள் கூட்டிப் போகிறவருக்கும் மட்டும் தடையில்லை. இளம் மிளாவைக் கொல்லாமல் விட்டவன் அந்த இடத்து மரத்தில் ஒரு நார்த்துண்டை முடிந்துவிட்டு வருவான். அதை வெளியில் சொல்லக் கூடாது. விட்டதற்கெல்லாம் பெருமை பேசினால் வேட்டைக்காரனாக மாட்டான்.

சடையன் தன் மரத்தை மட்டுமே அறிவான். அவன் முடிந்த நார் அதில் காய்ந்து கிடந்தது.

ஒச்சம்மா அங்கே நிற்கவில்லை. ஓடையைத் தாண்டி அடுத்த சரிவில் ஏறினாள். அங்கே ஒரு வேங்கை மரத்தில் முடிச்சு. அதற்கடுத்த சரிவில், மருத மரத்தில் இரண்டு. அதற்கும் மேலே ஒரு வளைந்த கடுக்காய் மரம். அதில் கிடந்த முடிச்சு இடக்கையால் போட்டது. அந்த ஊரில் இடக்கைக்காரன் ஒருவன்தான்.

"குருவனா?" என்றான் சடையன்.

"உன்னைத் திட்டிக்கிட்டேதான் முடிஞ்சிருப்பான். விட்டதையெல்லாம் சடையன் எப்பவோ தின்னிருப்பான்னு போன மாசம் என்கிட்ட அழுதான்."

சடையன் சிரிக்கப் பார்த்தான். அந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தான்.

அவள் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கீழே சுனைக்குப் பெண்மிளாக்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. கடைசியில், வெகுநேரம் கழித்து, கறுத்த பிடரியோடு ஓர் ஆண்மிளா வந்தது. இரண்டு கொம்பும் மும்மூன்று கிளை விரித்திருந்தன. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது.

சடையன் கை வில்லுக்குப் போனது. இது குருவன் சரிவு என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்தான்.

மிளா குடித்து முடித்து, ஓடை வழியே கீழிறங்கி மறைந்தது.

"உன் சரிவுப் பக்கந்தான் போகுது," என்றாள் ஒச்சம்மா.

எத்தனையோ வருடமாய் நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது போலிருந்தது அவனுக்கு. "இருக்கு அக்கா," என்றான். "எவனும் தின்னல."

"ஆமா."

இறங்கும் வழியில் கேட்டான். "நாளைக்குக் காரியக்காரர் கேப்பாரே. என்ன சொல்ல?"

ஒச்சம்மா ஒரு நாரைக் கிழித்து அவன் கையில் வைத்தாள்.

"இதைக் குடு. வேலியைப் பிரிச்சு ஒரு மானை வெளியே விட்டாருன்னா, அவரும் வந்து ஒரு முடிச்சுப் போடட்டும்."