சுவரைச் சுற்றிப் போன தள்ளுவண்டி

ஒரு பேரூரில் அரசு மருத்துவமனையும் கால்நடை மருத்துவமனையும் பேரூராட்சி அலுவலகமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஆளுயரச் சுவர்கள்.

மருத்துவமனையின் கைகழுவும் தொட்டியில் ஒரு சோப்பு இருந்தது. தொடுவார் இல்லாமல் காய்ந்து வெடித்துப்போன சோப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை, ஊர்க் குப்பை அள்ளும் தங்கபுஷ்பம் நொண்டிக்கொண்டே வந்தாள். கெண்டைக்காலில் நாய்க்கடி. கைவைத்தியம் என்று யாரோ அதன்மேல் மிளகாய்ப்பொடியை அப்பிவிட்டிருந்தார்கள்.

சோப்பு பதறியது. "குழாயண்ணே, தண்ணியைத் திறங்க. கால்மணி நேரம் என்னைப் போட்டுக் கழுவணும். அதுதான் முதல் மருந்து."

"யாராவது திருகினால்தானே நான் வருவேன்" என்றது குழாய்.

யாரும் திருகவில்லை. குளிர்பெட்டிக்குள்ளிருந்து ஊசிமருந்துக் குப்பி பேசியது. "எனக்குள்ளே நாலு பேருக்கான மருந்து இருக்கு. ஒருத்திக்காகத் திறந்தால் மிச்சம் வீணாகும். இன்னும் மூணு பேர் கடிபட்டு வரட்டும்."

நர்ஸ் ராஜகுமாரியும் அதையேதான் சொன்னாள். "நாளைக்கு வாங்கம்மா. ஆள் சேர்ந்ததும் போட்டுடலாம்."

மறுநாளும் வந்தாள் தங்கபுஷ்பம். ஆள் சேரவில்லை. மூன்றாம் நாள் குப்பை வேலைக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி, "இன்னைக்கும் லீவுன்னா இனிமே வரவே வேண்டாம்" என்றார். அவள் வேலைக்குப் போனாள். மருத்துவமனைப் பதிவேடு 'நாய்க்கடி ஒன்று' என்று எழுதிக்கொண்டு தன்னை மூடிக்கொண்டது.

காயம் ஆறிவிட்டது. ஆறாவது வாரம், யாரோ நீட்டிய தண்ணீர்ச் செம்பைப் பார்த்து அவள் அலறினாள். நான்கே நாளில் செத்துப்போனாள்.

அவளோடு சேர்ந்து அதே குப்பை வண்டியைத் தள்ளியவள் மரியசெல்வி. அடக்கம் முடிந்த மறுநாள் வண்டியோடு மருத்துவமனைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. ராஜகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். பேசியது சோப்புதான்.

"என்னைக் கையில எடும்மா."

எடுத்தாள். "நீ அன்னைக்கும் இங்கேதான் இருந்தியா?"

"இங்கேதான் இருந்தேன். கழுவி, ஊசியும் போட்டிருந்தா அவள் பிழைச்சிருப்பாள். நான் குழாய்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அவள்கிட்டே சொல்லலை."

"அந்தக் குப்பி எங்கே? அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

குளிர்பெட்டி கதவைத் திறக்காமலே முனகியது. "போன வாரம் காலாவதி ஆகிடுச்சு. குழியில போட்டுட்டாங்க. மூடியைக்கூடப் பிரிக்கலை."

மரியசெல்வி சோப்பை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சுவரைச் சுற்றி அடுத்திருந்த கால்நடை மருத்துவமனை வாசலுக்குப் போனாள்.

அங்கே நாய்களுக்கான தடுப்புமருந்து பெட்டி பெட்டியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மனுசரைக் கடிச்சா அது பக்கத்துக் கட்டிடம்" என்றது. "நாயைக் கூட்டி வந்தால் போடுவோம்."

"தெருநாயை யாரு கூட்டி வருவா?"

"அது பேரூராட்சி."

பேரூராட்சியில் நாய் பிடிக்கும் வலை ஆணியில் தொங்கியது. "உத்தரவு வந்தால்தான் இறங்குவேன். எல்லா நாயையும் கொன்னுடுங்கன்னு நேத்து ஒரு மனு வந்திருக்கு. அதுக்கும் பதில் வரலை."

வாசலில் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கியது. "எங்களைக் கொன்னா அந்தத் தெருவுக்கு வேற நாய் வரும். அதுக்கும் ஊசி போட்டிருக்காது. உங்க தங்கபுஷ்பத்தைக் கடிச்ச நாயும் அதே வெறிநோயிலதான் செத்துச்சு. அதுக்காக அழக்கூட யாருமில்லை."

மரியசெல்வி வலையைப் பார்த்தாள். "ஆளாளுக்கு அடுத்த வாசலைக் கைகாட்டுறீங்க. நோய் எந்த வாசல்லயும் நின்னு உத்தரவு கேக்கலையே."

அவளே வலையை ஆணியிலிருந்து கழற்றி வண்டியில் போட்டாள். திரும்பிப் போய் நாய்த் தடுப்புமருந்தை ஐஸ்பெட்டியோடு தூக்கி வைத்தாள். கால்நடை டாக்டர், "ஏம்மா, அது அரசாங்க மருந்து" என்று பின்னாலேயே ஓடி வந்தார். "அப்போ நீங்களும் கூட வாங்க சார்" என்றாள். வலையைத் தேடிப் பேரூராட்சி எழுத்தர் வந்தார். கடைசியாக மருத்துவமனை வாசலில் வண்டி நின்றபோது, ராஜகுமாரி தானாகவே புதுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவற்றில் ஒரு குப்பி மெல்ல ஆரம்பித்தது. "ஒருத்தருக்காகத் திறந்தால் மிச்சம்…"

"வீணாகட்டும்" என்றாள் ராஜகுமாரி.

வண்டி தெருத்தெருவாகப் போனது. முதல் ஊசிக்குச் செவலைதான் முதுகைக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு, வீட்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். அடங்காததை வலை பிடித்தது. மிளகாய்ப்பொடி டப்பாவோடு ஓடி வந்த ஒருவரைத் தடுத்து, கடிபட்ட ஒரு தையல்காரரைத் தெருக்குழாயடியில் உட்கார வைத்தார்கள். சோப்பு அவர் காலில் நுரைத்தது. அவர் ஒருவருக்காகவே அன்றைக்குக் குப்பி திறக்கப்பட்டது.

அடுத்த வாரமும் வண்டி போனது. அதற்கடுத்த வாரமும் போனது. மேஸ்திரி ஒருநாள் மறித்தார். டாக்டரும் எழுத்தரும் வண்டியின் இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

மூன்று வருடம் அந்த ஊரில் நாய்க்கடியால் ஒரு சாவும் இல்லை. சேதி பரவி, கடலுக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். பெரிய கூடத்தில் மரியசெல்வியை நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"உங்கள் ஊருக்குப் புதிதாக என்ன கொண்டுவந்தீர்கள்?"

"புதுசா ஒண்ணும் கொண்டுவரலைங்க" என்றாள் அவள். "சோப்பு, மருந்து, வலை, டாக்டர், நர்ஸ் எல்லாரும் அன்னைக்கும் இங்கேதான் இருந்தாங்க. நடுவுல ஒரு சுவர் இருந்துச்சு. அதைச் சுத்தி நடந்து வர நூறு அடிகூட இல்லை. அந்த நூறு அடி நடக்கிறதுக்கு எங்க தங்கபுஷ்பம் சாக வேண்டியிருந்துச்சு. உங்க ஊர்ல யாரு செத்தா நடப்பீங்க?"