தண்ணீர் உபயம்

செங்கல் சூளை முதலாளி தளவாய் வருகிறார் என்றால் எங்கள் ஊர் உடைமரங்கூட நடுங்கும். முக்கால்வாசி மரம் அவர் சூளைக்குள் போய்ச் சாம்பலாகிவிட்டது.

அங்கன்வாடி கட்டும் வேலை மகளிர் குழுவுக்கு வந்தது. குழுத் தலைவி வெள்ளத்தாயி செங்கல்லுக்கு அவரிடம் போகவே இல்லை. மண்ணை மெஷினில் வைத்து அழுத்தி, நெருப்பே காட்டாமல் கல் செய்து, புளியமர நிழலில் அடுக்கிவிட்டாள்.

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேகாத பச்சைக்கல் ஒரு மழைக்குத் தாங்காது என்பது சூளைக்காரருக்குத் தெரியாதா?

"ஏட்டி, இது மேல தெனமும் என் ஆளு தண்ணி ஊத்துவான். அமாவாசை வரைக்கும் கரையாம நின்னா நீயே கட்டு. கரைஞ்சா என் செங்கல்தான்."

வெள்ளத்தாயி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ முதலாளி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்ன வேணும்னாலும் செய்யுங்க, தண்ணி மட்டும் ஊத்திராதீய!"

அது போதாதா அவருக்கு? ஊர்க் கிணறு வறண்டு கிடந்த கோடையில், அவருடைய போர்வெல் தண்ணீர் டிராக்டரில் வந்து காலையும் மாலையும் கல்லை நனைத்தது.

அமாவாசையன்று ஊரே கூடி நின்றது. தளவாய் ஒரு கல்லைத் தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார். கல் உடையவில்லை, தரைதான் பள்ளமானது.

"என்னட்டி மாயம் இது?"

"மாயமில்ல முதலாளி. மண்ணோட கொஞ்சம் சிமெண்டும் கலந்திருக்கு. நனைக்க நனைக்கத்தான் இறுகும். தண்ணிக்கு எங்க போவோம்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம். சாமி மாதிரி வந்தீய."

அங்கன்வாடிக்குள் இப்போது பிள்ளைகள் வெயில் தெரியாமல் தூங்குகின்றன. வாசல் சுவரில் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'தண்ணீர் உபயம்: தளவாய் செங்கல் சூளை.'