காலணாவுக்கு விளக்கிய பல்

சுக்காம்பட்டி மிராசுதார் ஆவுடையப்பருக்கு நாற்பது வயதாகியும் பெண் அமையவில்லை. போன இடத்திலெல்லாம் பெண் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பழியையெல்லாம் தம் பல்லக்குத் தூக்கிகள் நால்வரின் வாய் மேல் போட்டார் அவர்.

இப்போது மருங்கூரில் ஒரு பெண். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போய்ச் சேர வேண்டும். இதுவும் தவறினால் மனுஷனுக்குக் காசிதான் கதி.

"டேய், தூங்கி எந்திரிச்சதும் பல் விளக்கினா ஆளுக்குக் காலணா" என்றார்.

பயல்கள் தங்கமானவர்கள், எசமான் சொல்லைத் தட்டமாட்டார்கள். விடிந்ததும் கருவேலங்குச்சியால் ஈறு கிழிய விளக்கிக் காலணா வாங்கினார்கள். பல்லக்கும் கிளம்பியது. எல்லை ஆலமரம் வந்ததும் அதை இறக்கி வைத்துவிட்டு நால்வரும் படுத்துக்கொண்டார்கள்.

"என்னடா இது?"

"தூங்குறோம், எசமான். தூங்குனாத்தானே எந்திரிக்க முடியும்? எந்திரிச்சாத்தானே விளக்க முடியும்?" என்றான் மூத்தவன் சடையன்.

பக்கத்தில் படுத்திருந்த தொப்பளான் எழுந்து உட்கார்ந்தான். "எல்லாரும் தூங்கிட்டா எழுப்புறது யாரு?"

"நீ எழுப்பு."

"நான் முழிச்சிருந்தா என் காலணா என்னாகும்?"

நியாயமான கேள்விதான். நால்வரும் கன்னத்தில் கைவைத்து யோசித்தார்கள். பிறகு சடையன் பல்லக்குத் திரையை விலக்கிப் பணிவாகச் சொன்னான். "எசமான் சும்மாதானே உக்காந்திருக்கீக. நீங்களே எழுப்பி விட்டுருங்க."

எழுப்பினார், வேறென்ன செய்வார்? ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்களே, இம்முறை ஆலம் விழுதை ஒடித்து விளக்கினார்கள். குளத்தங்கரையில் இன்னொரு தூக்கம், இன்னொரு காலணா. வெயில் ஏறியது. ஆவுடையப்பருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விளக்குனது போதும்டா! ராகு காலத்துக்கு முன்னாடி பொண்ணு வீட்டு வாசல்ல போய் நின்னா ஆளுக்கு ஒரு ரூபா!"

மறுகணம் பல்லக்கு வரப்பில் கிடந்தது, பயல்கள் சிட்டாய்ப் பறந்தார்கள். போய் நிற்பவனுக்குத்தானே ரூபாய், பாரம் எதற்கு?

மருங்கூர் வாசலில் நால்வரும் வரிசையாக நின்று இளித்தார்கள். அந்தப் பளபளப்பில் பெண்ணின் தகப்பனார் சொக்கிப்போனார். "தூக்குறவங்க பல்லே இப்படின்னா, மாப்பிள்ளை பல்லு எப்படி இருக்கும்!"

மாப்பிள்ளை சேற்றில் விழுந்து எழுந்து, மூச்சிரைக்க ஓடிவந்தார். "மன்னிக்கணும்..." என்று வாயைத் திறந்தார். தகப்பனார் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தப் போனார்.

சடையனுக்கு மனசு தாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு காலணாவை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"சாத்திராதீங்கய்யா! எங்க எசமானைத் தூங்கவெச்சு எழுப்பி, இதக் குடுத்துப் பாருங்க. விளக்கிருவாரு."

ஆவுடையப்பர் அப்படியே வாசற்படியில் தலைவைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.