வெயில் விழுற பாறை

பூங்காவனம் மேஸ்திரி கிட்ட நாலு பேரு தொழில் கத்துக்கிட்டாங்க. மூணு பேரு வேலை செஞ்சாங்க. நாலாவது ஆளு தேவசகாயம், கேள்வி கேட்டாரு.

அவருக்கு வயசு அம்பத்தெட்டு. கரண்ட் ஆபீஸ்ல ரிட்டயரானவரு. மேஸ்திரிக்கு முப்பத்திமூணு, அஞ்சாங்கிளாஸ் பெயிலு. ஆனா மலை மேல நாப்பது ஊருல சோலார் பேனல் மாட்டி, மோட்டார் ஓட்டி, தண்ணி ஏத்திக் குடுத்தவங்க.

தேவசகாயம் தனியா மாட்டின மொத ஊரு மேல்கானூரு. அங்கதான் வம்பு.

ஐப்பசியில ஒரு நாள் காலையில மேஸ்திரி போய்ப் பாத்தா, பாறை மேல வெச்ச பேனலே கண்ணுக்குத் தெரியல. மேல சாக்கு விரிச்சு, பூரா ஈரச் சாமை. தேவசகாயம் ஓடி வந்தாரு.

"பாருங்க மேஸ்திரி! மோட்டார் முக்குது, டேங்க்ல தண்ணி ஏற மாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா திட்டத்து ஆளுங்க கழட்டி வேற ஊருக்குக் கொண்டு போயிடுவாங்களாம். என் மொத வேலை!"

"சொல்லிப் பாத்தீங்களாண்ணே?"

"போர்டு எழுதி வெச்சேன். அது மேல துண்டு காயுது. வேலி போட்டேன். வேலியில சேலை காயுது. இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது?"

மேஸ்திரி திரும்பி, பக்கத்துல ஒரு கூடை ஈரச் சாமையோட நின்ன ஊர்க்காரி வேடியம்மா கிட்ட கேட்டாங்க.

"அக்கா, இது இன்னிக்குக் காயலைன்னா?"

"மொளச்சிரும். அப்புறம் மாட்டுக்குத்தான்."

மேஸ்திரி கூடைய வாங்கி தேவசகாயம் தலையில வெச்சாங்க.

"காய வெச்சுட்டு வாங்கண்ணே. இந்தப் பாறை மட்டும் வேணாம்."

"நானா?"

"ரிட்டயர் ஆனவருக்கு வேற என்ன ஜோலி?"

போனாரு. வீட்டு வாசல்ல எல்லாம் பலா மர நிழல். பள்ளிக்கூடத்துப் பக்கம் மலை மறைக்குது. ரோட்டுல ஆடு. ஓடைக்கரையில கூடைய எறக்கி வெச்சாரு. ஒரு குரங்கு வந்து பக்கத்துல உக்காந்து, "ம், அப்புறம்?"னு கேக்குற மாதிரி பாத்துச்சு. திரும்பத் தூக்கிட்டாரு.

உச்சி வெயிலுக்கு, கழுத்து சுளுக்கி, அதே பாறைக்கே வந்து நின்னாரு. மேஸ்திரி களி தின்னுட்டு இருந்தாங்க.

"என்னண்ணே, காஞ்சிருச்சா?"

"நான்தான் காஞ்சேன். இந்த ஊருல முழு வெயில் விழுறதே இந்தப் பாறையிலதான் மேஸ்திரி."

"அத எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ஆடியிலயே. மூணு நாள் மீட்டர் வெச்சு அளந்துதான பேனல் வெச்சேன். அப்ப பாறை காலியாத்தான் கெடந்துச்சு."

வேடியம்மா சிரிச்சுட்டா. "ஆடியில சாமை மண்ணுக்குள்ள இருக்கும் சாமி. பாறைக்கு எப்படி வரும்? எங்க களமே இதுதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மீட்டரையே பாத்துட்டு இருந்தீங்க. பெரிய வேலை போலன்னு ஒதுங்கிப் போயிட்டோம்."

தேவசகாயம் கூடைய எறக்கினாரு. கொரலையும் எறக்கிக் கேட்டாரு.

"ஏம்மா, தண்ணியும் வரணும், சாமையும் காயணும். எங்கதான் வெக்கட்டும்?"

"வடக்கு ஓரத்துல தூக்கி நடுங்க. நிழல் களத்துல விழாது. அங்க பாறை சரிவு, தானியம் நிக்காது, நாங்க பரப்புறதே இல்ல. கம்பம் நடப் பத்து ஆளு நாங்க வர்றோம். வெள்ளிக்கு முன்னாடி முடிஞ்சிரும்."

மேஸ்திரி கை கழுவிட்டு எழுந்தாங்க. தேவசகாயத்துக்கு மட்டும் மனசு ஆறல.

"எல்லாம் சரி மேஸ்திரி. ஆனாலும், அடுத்தவன் சாமான் மேல கேக்காம காயப்போடுறது தப்புதானே?"

"தப்புதாண்ணே,"ன்னாங்க மேஸ்திரி. "மொதல்ல போட்டது யாரு?"